காகித வாசல்... கப்சா வம்சம்!

ஹாஸ்டல் சுவத்துல சின்னதா ஒரு போஸ்டர் ஒட்டினாலே வார்டன் முறைப்பார். 11 அடி உயரம், கிட்டத்தட்ட 10 அடி அகலத்துல போஸ்டர் போட்டிருக்கார் ஒருத்தர். பேர், முதலாம் மாக்ஸிமிலியன். புனித ரோமப் பேரரசர்!

அந்தக் கால ரோம மன்னர்கள் போரில் ஜெயித்தால் கல்லில் வெற்றி வளைவு கட்டுவார்கள். நம்மாளுக்கும் அந்த ஆசை. ஆனா, எப்பவும் கடன்ல இருக்கிறவர் கல்லுக்கு எங்கே போவார்? காகிதத்திலேயே கட்டிட்டார். 190-க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளில் படம் செதுக்கி, மை தடவி, 36 பெரிய தாள்களில் அச்செடுத்து ஒட்டினால் வளைவு ரெடி. படத்தில் இருக்கும் வருஷம் 1515. அச்சானது 1517-18ல், சுமார் 700 செட். கல் வளைவு ஒரே ஊர்லதான் நிக்கும். இது ஊர் ஊராப் போகும்ல!

நடு வாசலுக்கு மேலேதான் மேட்டரே. ஹாப்ஸ்பர்க் வம்ச மரம்! அடியில் மூன்று பெண்கள். அதில் ஒருத்தி, ட்ராய் நகரம். ஆமாங்க, மரக்குதிரை ட்ராய்தான்! அவர்களுக்கு மேல் ஃபிராங்க் மன்னர் க்ளோவிஸ், அப்புறம் வரிசையாக ராஜாக்கள், உச்சியில் மாக்ஸிமிலியன். நிஜத்தில் 'ஹாப்ஸ்பர்க்' என்ற பெயரே, 11-ம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் கட்டிய ஒரு கோட்டையிலிருந்து வந்ததுதான்.

எதுக்கு இந்த பில்டப்? பேரரசர் பதவி அப்போ அப்பாவிடமிருந்து தானாக வராது. 7 பேர் ஓட்டுப் போடணும். தனக்குப் பின் பேரன் சார்லஸ் வரணும்னு தாத்தாவுக்குக் கவலை. 1519-ல் தாத்தா இறந்தார், பேரன் ஜெயித்தார். ட்ராய் ரத்தத்தை விட, ஃபுக்கர் குடும்பம் கொடுத்த கடன் பணம்தான் அங்கே அதிகம் பேசியது!

படம் வரைந்த டீமின் பெரிய தலை, நூரெம்பெர்க்கின் ஆல்பிரெக்ட் ட்யூரர். மூணு வருஷம் உழைச்சும் காசு வரலைன்னு 1515-ல் கடிதம் எழுதியிருக்கார் மனுஷன். அப்புறம்தான் வருஷத்துக்கு 100 ஃப்ளோரின் பென்ஷன் கிடைத்தது. மாக்ஸிமிலியன் போனதும் அதுவும் நின்றது. 1520-ல் மனைவியோடு நெதர்லாந்து பக்கம் கிளம்பி, சார்லஸின் முடிசூட்டு விழா வரை போய், அந்த நவம்பரில்தான் பென்ஷனை மறுபடி உறுதி செய்து வாங்கினார்.

வளைவின் அடியில் ட்யூரரின் குடும்பச் சின்னம் குட்டியா இருக்கு. படத்தை ஜூம் பண்ணித் தேடிப் பாருங்க!