தண்ணீர் இல்லாமல் குளிருமா இன்ஜின்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலையேறும் பழைய அம்பாசடர் ஒன்று, கொண்டை ஊசி வளைவில் பானெட்டைத் திறந்தபடி ஆவி கக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் தாத்தா பாட்டி அதை நிறையப் பார்த்திருப்பார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துவிட்டது என்பார்கள். கொதிப்பதுதான் தொல்லை என்றால், கொதிக்காத திரவம் ஒன்றை ஊற்றிவிட்டால் என்ன? இந்த யோசனையில் பிறந்ததுதான் தண்ணீரில்லாத கூலண்ட். எத்திலீன் கிளைக்கால், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவைதான் அதில் பெரும்பகுதி. 180 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கொதிக்கும். சாதாரணக் கூலண்டைவிடப் பல மடங்கு விலை. பழைய கார் வைத்திருப்பவர் இதை வாங்கலாமா?

முதலில் வெப்பத்தைப் பின்தொடர்ந்து போவோம். இன்ஜினில் பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலண்ட்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். சிலிண்டர்களைச் சுற்றி இரும்புக்குள்ளேயே வாய்க்கால்கள் இருக்கின்றன. பம்ப் தள்ள, திரவம் அந்த வாய்க்கால்களில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வரும். அங்கே காற்றிடம் சூட்டை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போகும். வண்டி ஓடும்வரை இந்தச் சுற்று நிற்காது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையேறும் இன்ஜினுக்கு வேலையோ அதிகம். அது கூடுதலாகச் சூடாகும் இடத்தில்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது! இதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்தார்கள். வீட்டுக் குக்கரின் வெயிட் போல அது உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைக்கும். கடல் மட்டத்தில், இன்னொரு வளிமண்டல அளவு அழுத்தத்தைச் சேர்த்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது என்பது இதனால்தான். திறந்த நொடியில் அழுத்தம் விழும், தண்ணீர் பொங்கி முகத்தில் அடிக்கும்.

கொதித்தால் இன்ஜினுக்கு என்ன கெடுதல்? உலோகத்தின் மிகச் சூடான இடங்களில், முக்கியமாகப் புகை வெளியேறும் வால்வின் அருகே, நீராவி ஒரு போர்வையாகப் படியும். ஆவி, திரவத்தைப் போல வெப்பத்தைக் கடத்தாது. அந்த இடம் மட்டும் மேலும் மேலும் சூடாகி, சிலிண்டர் ஹெட் வளையலாம், வெடிப்பு விடலாம். தண்ணீரில்லாத கூலண்டின் உண்மையான பலம் இங்கேதான். அது எளிதில் ஆவியாகாது. உள்ளே அழுத்தமும் அதிகம் ஏறாது, பழைய ரப்பர் ஹோஸ்கள் பிழைக்கும். தண்ணீரே இல்லாததால் துருவும் உப்புப் படிவும் மிகக் குறைவு.

இதோடு முடிந்தால் உடனே வாங்கிவிடலாம். ஆனால், கொதிக்காமல் இருப்பது வேறு, வெப்பத்தைச் சுமப்பது வேறு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தை அது விழுங்கிச் சுமக்கும். ஒரு லிட்டர் கிளைக்கால் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் சுமக்கும். வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரின் பாதித் திறன்கூட அதற்கு இல்லை. சாதாரண வெப்பநிலையில் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும், அதைத் தள்ளப் பம்ப் கூடுதலாகத் திணறும். ஆகவே அதே காரில், அதே ரேடியேட்டரில், தண்ணீரில்லாத கூலண்ட் ஊற்றினால் இன்ஜின் உலோகம் முன்பைவிடக் கொஞ்சம் சூடாகத்தான் ஓடும். அப்போதும் கொதிக்காது, அவ்வளவே.

இது புது யோசனையும் அல்ல. 1936-ல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின் இருந்தது. தொடக்க கால மெர்லின்களில் தண்ணீர் கலக்காத எத்திலீன் கிளைக்காலைத்தான் ஊற்றினார்கள். அது 197 டிகிரியில் கொதிக்கும். மிகச் சூடான திரவம் காற்றிடம் வெப்பத்தை வேகமாக இழக்கும், அதனால் ரேடியேட்டரைச் சிறிதாக்கலாம் என்பது கணக்கு. பிறகு ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைக்கால் என்ற கலவையை அழுத்தத்தில் வைத்துச் சோதித்தார்கள். இன்ஜின் முன்பைவிட மிகக் குளிர்ச்சியாக ஓடியது. கிளைக்கால் தீப்பற்றும் அபாயமும் குறைந்தது. தண்ணீருக்கே திரும்பினார்கள். தண்ணீரை விலக்குவதைவிட அதற்கு அழுத்தம் கொடுத்து வேலை வாங்கலாம் என்று கண்ட அந்தப் பொறியாளர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அம்பாசடருக்கு வருவோம். 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான கார். பல்லாண்டுகள் அதில் இருந்தது 1,489 சிசி வார்ப்பிரும்பு பெட்ரோல் இன்ஜின். அப்படி ஒரு கார் அடிக்கடி சூடானால், கூலண்டை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்பு அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் கொதிக்காத திரவத்தை ஊற்றினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆவி வருவது ஓர் எச்சரிக்கை. ஆவியே வராவிட்டால் ஓட்டுநர் நிறுத்தாமல் போவார், உள்ளே எண்ணெயும் கேஸ்கட்டும் வெந்துகொண்டிருக்கும்.

என் யோசனை இது. மலையேறி இறங்கும் பழைய காருக்கு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த நல்ல சாதாரணக் கூலண்ட், குறித்த காலத்தில் மாற்றினால் போதும். வருடத்தில் பெரும்பகுதி ஷெட்டில் நின்று, விழாவுக்கு மட்டும் வெளியே வரும் காருக்குத் தண்ணீரில்லாத கூலண்ட் பொருந்தும், ஏனென்றால் அதற்கு முதல் எதிரி துரு. அப்போதும் பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் வெளியேற்ற வேண்டும். தண்ணீர் 3 சதவீதத்துக்கு மேல் தங்கினால் கொதிநிலை இறங்கிவிடும். வடித்த பழைய கூலண்டைத் தரையில் விடவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கடும் விஷம். நாயும் பூனையும் நக்கிப் பார்த்தால் இறந்துபோகலாம், குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான்.

கடைசியாக, தண்ணீரில்லாத கூலண்ட் ஊற்றிய காரின் ரேடியேட்டர் மூடியில் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை கட்டிவிடச் சொல்லுங்கள். வழியில் வண்டி நின்றால், உதவிக்கு ஓடிவருபவர் முதலில் எடுப்பது தண்ணீர்க் குடத்தைத்தான்.