பழைய வண்டிக்குப் புது வயரிங்: இணைப்புகளைக் காப்பது எப்படி?

சாக்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வாய்த் தையல் பிரிந்தால் சரக்கு தரையில்தான். இது நம் வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சார வயரும் அப்படித்தான். வயர் நடுவில் கெடுவது அபூர்வம். இரண்டு வயர்கள் சேரும் கனெக்டரில்தான் பெரும்பாலும் கோளாறு வருகிறது. இதை நாம் பணம் கொடுத்துக் கற்றுக் கொண்டோம்.

கோபாலபுரத்தில் நம் தகப்பனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்றும் நம்மிடம் இருக்கிறது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தொழிற்சாலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த வண்டி இது. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில்கூட வரவில்லை. நம் ஊரில்தான் வந்தது. கம்பெனி மூடப்பட்ட பின் உதிரி பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையுமே கதி.

2015 டிசம்பர் பெருமழையில் வண்டி நனைந்து வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. புது வயர் வாங்கினோம். ஆனால் கனெக்டர்களைப் புதிதாக வாங்காமல் பழையவற்றையே துடைத்து மாட்டச் சொன்னோம். சில இடங்களில் வயரை முறுக்கி டேப் சுற்றியதோடு சரி. சில நூறு ரூபாய் மிச்சம் என்று நினைத்தோம். இரண்டு மழைக்காலம் கழிந்த பின் ஓர் இரவு, அவ்வை சண்முகம் சாலையில் முன் விளக்கு மங்கி, பானெட்டிலிருந்து புகை வந்தது. உள்ளே நம் பேரன் இருந்தான். உடனே இறங்கி பாட்டரி வயரைக் கழற்றியதால் தப்பினோம். பிரித்துப் பார்த்தால் வயர் புதிதாகவே இருந்தது. கனெக்டரில் களிம்பு ஏறி, அதன் உறை உருகியிருந்தது.

காரணம் எளிது. பித்தளைப் பாத்திரத்தைத் துலக்காமல் வைத்தால் களிம்பு பிடிக்கிறதல்லவா? கடற்காற்றும் ஈரமும் உள்ள நம் ஊரில் கனெக்டருக்கும் அதே கதி. களிம்பு ஏறினால் மின்சாரத்துக்குத் தடை உண்டாகிறது. 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு இரண்டும் எரிய 10 ஆம்பியர் தேவை. வழியில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 1 வோல்ட் குறைந்து, வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அதோடு, சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் 10 வாட் சூடு சேரும். பழைய வண்டிகள் பலவற்றில் முன் விளக்குக்குப் பியூஸும் கிடையாது. பிறகு புகை வராமல் என்ன செய்யும்?

இரண்டாம் முறை வேலை செய்தபோது நாம் கடைப்பிடித்தவை:

1. பாட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

2. பழைய வயரை அறுக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்ட வேண்டும். பிரிட்டிஷ் வழி வண்டிகளில் கறுப்பு எர்த்துக்கு, நீலம் முன் விளக்குக்கு, சிவப்பு பின் விளக்குக்கு என்று நிறக் கணக்கு உண்டு. அதை மாற்றக் கூடாது.

3. களிம்பேறிய கனெக்டரைப் புளி, எலுமிச்சை போட்டுத் துலக்கி மாட்டக் கூடாது. தங்கும் புளிப்பே பிறகு அரிக்கும். புதிது வாங்குவதே லாபம்.

4. வயரை முறுக்கி ஒட்டுவது வேண்டாம். கனெக்டரை அதற்குரிய இடுக்கியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சூட்டில் சுருங்கும் ஸ்லீவை முன்கூட்டியே வயரில் கோத்துவிட வேண்டும். மறந்தால் பிறகு நுழையாது. சாதாரண டேப் வெயிலில் பிசுபிசுத்து, ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும்.

5. இணைக்கும் முன் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவலாம். காடி வாசனை வரும் சிலிக்கான் பசை கூடாது; அது செம்பை அரிக்கும்.

6. ஹெரால்டின் பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். விளக்கு வயரும் கூடவே அசையும். அங்கே வயரைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். தகரத்தில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

7. எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். விளக்குகளுக்குத் தனிப் பியூஸ் போட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பின் சாவியைத் திருப்பினோம். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

நம்மில் பலரிடம் பழைய கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சரக்கு வண்டி இருக்கும். உப்பு மூட்டை ஏற்றும் வண்டியில் களிம்பு சீக்கிரம் பிடிக்கும். கிடங்கில் நிறுத்தினால் எலியும் வயரைக் கடிக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் அன்றாவது பானெட்டைத் திறந்து கனெக்டர்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து ரூபாய்ச் சாமானில் மிச்சம் பிடித்து, வண்டியையும் உயிரையும் பணயம் வைப்பது வியாபாரம் ஆகாது.