சனிக்கிழமை வானொலியும் இரண்டாவது கேள்வியும்

அயர்லாந்தின் சனிக்கிழமைக் காலைகளில், வணிகம் பேசும் இரண்டு வானொலி நிகழ்ச்சிகள் பல ஆண்டுகளாக ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்திருக்கின்றன. ஒன்று, பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யின் ரேடியோ 1இல் வரும் 'தி பிசினஸ்'. மற்றொன்று, தனியார் நிலையமான நியூஸ்டாக்கின் 'டவுன் டு பிசினஸ்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்; தொகுப்பாளரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் வேறு. ஆர்.டி.இ. பத்திரிகையாளர்களை நாடியது. அதன் பொருளாதார ஆசிரியராக இருந்த ஜார்ஜ் லீ 2010இல் 'தி பிசினஸ்' தொகுப்பாளரானார். அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட் கரனும் வணிகச் செய்தியாளர். நியூஸ்டாக் அமர்த்திய பாபி கெர், இன்சோம்னியா காபிக் கடைத் தொடரை நடத்தியவர். 'டிராகன்ஸ் டென்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஐரிஷ் பதிப்பில் முதலீட்டாளராக வந்தவர். ஆக, ஒரு பக்கம் கணக்கைத் துருவிப் பழகியவர்கள். மறுபக்கம் கல்லாவில் உட்கார்ந்து பழகியவர். இவர்களில் யார் நல்ல தொகுப்பாளர் என்று கேட்பதைவிட, நல்ல தொகுப்பாளருக்கு எது இன்றியமையாதது என்று கேட்பது பயன் தரும்.

வார நாள் வணிகச் செய்திக்கும் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம். வார நாளில் சந்தையே செய்தியைத் தந்துவிடும்: குறியீட்டெண் ஏறியது, நாணய மதிப்பு இறங்கியது, ஒரு நிறுவனம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. தெளிவான குரலில் வாசித்தால் போதும். சனிக்கிழமையன்று டப்ளின், லண்டன், நியூயார்க் பங்குச்சந்தைகள் மூடிக் கிடக்கின்றன. படிக்கப் புதிய விலைப்பட்டியல் இல்லாத நிலையில் நிகழ்ச்சி நேரத்தை மனிதர்களின் பேச்சால்தான் நிரப்ப வேண்டும். கேட்பவர்களும் முதலீட்டாளர்கள் மட்டுமல்லர். பாத்திரம் கழுவிக்கொண்டோ, கார் ஓட்டிக்கொண்டோ அரைக் காதால் கேட்பவர்களே மிகுதி. அவர்கள் முன்னே வரைபடம் கிடையாது. புரியாத வரியை மறுபடி படித்துப் பார்க்கவும் வழியில்லை. உரையாடல் தெளிவாக இருந்தால்தான் நிகழ்ச்சி நிற்கும்.

அந்த உரையாடலின் முதல் கேள்வி பெரும்பாலும் தொகுப்பாளருடையது அல்ல. விருந்தினரைப் பற்றிய குறிப்புகளைத் தயாரிப்புக் குழு திரட்டித் தருகிறது. கேள்வியும் தாளிலேயே இருக்கும். விருந்தினரும் வெறுங்கையோடு வருவதில்லை. பெரிய நிறுவனத் தலைவர்களுக்கு எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று மக்கள் தொடர்பு அலுவலர்கள் பயிற்சியே கொடுத்து அனுப்புகிறார்கள். அதனால் முதல் கேள்வியும் முதல் பதிலும் இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிவைத்தவை. நல்ல குரல் இருக்கும் எவரும் அந்தப் பகுதியை நடத்திவிடலாம். பதிலைக் கேட்டு, அதிலிருந்து பிறக்கும் இரண்டாவது கேள்விதான் தொகுப்பாளரின் சொந்தச் சரக்கு. காதில் தயாரிப்பாளரின் குரல் ஒலிக்க, கண் கடிகாரத்தில் இருக்க, விளம்பர இடைவேளை நெருங்க, அதை அவர் சில நொடிகளில் உருவாக்க வேண்டும். அதற்கு இரண்டு தகுதிகள் சேர்ந்திருக்க வேண்டும். பதில் எதைச் சொல்லாமல் நழுவியது என்று கண்டுபிடிக்கும் அறிவு ஒன்று; விருந்தினரின் முகம் சுண்டினாலும் பரவாயில்லை என்று கேட்டுவிடும் விலகல் மற்றொன்று. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டாவது கேள்வி பிறக்காது.

அறிவின் தேவைக்கு அயர்லாந்தின் புள்ளிவிவரமே சான்று. 2015ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் வளர்ந்ததாக 2016 ஜூலையில் அதன் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் அறிவித்தது. எண்ணை வாசித்து வியந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். 'வேலைவாய்ப்பும் சம்பளமும் அந்த அளவுக்கு உயர்ந்தனவா?' என்றும் கேட்கலாம். உயரவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்கில் கொண்டுவந்து சேர்த்ததே அந்தப் பாய்ச்சலுக்குப் பெரும் காரணம். உள்நாட்டின் உண்மை நிலையைக் காட்டத் திருத்திய தேசிய வருமான அளவீடு ஒன்றையே அந்த அலுவலகம் பின்னர் உருவாக்க வேண்டியிருந்தது. வங்கி நெருக்கடியில் சிக்கிய அயர்லாந்துக்கு 2010 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மீட்புக் கடனும் அப்படித்தான். 8,500 கோடி யூரோ என்ற தொகை காதில் விழுந்த வேகத்தில் கரைந்துபோகும். அப்போதிருந்த சுமார் 46 லட்சம் மக்களுக்கு வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 18,500 யூரோ என்றதும் மனத்தில் தங்குகிறது. ஆனால் வகுத்துச் சொல்வதோடு வேலை முடியவில்லை. 'இதில் வெளியிலிருந்து வருவது எவ்வளவு?' என்று கேட்டால்தான், 6,750 கோடி மட்டுமே வெளிக்கடன், மீதி 1,750 கோடி அயர்லாந்தின் ஓய்வூதியக் கையிருப்பு உள்ளிட்ட சொந்தப் பணம் என்பது தெரியவரும். பிபிசி ரேடியோ 4இல் 2001இல் ஆண்ட்ரூ டில்நாட் தொடங்கிவைத்த 'மோர் ஆர் லெஸ்' நிகழ்ச்சி, எண்ணை நம்புவதற்கு முன் துருவிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தையே தன் முழுப் பொருளாக்கிக்கொண்டது.

அப்படியானால் பொருளாதாரம் படித்தவரை உட்காரவைத்தால் போதாதா? போதாது என்பதை அயர்லாந்தின் வீட்டு விலை வீக்கம் காட்டியது. அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. வங்கிகளின் பொருளாதார வல்லுநர்களும் வீட்டு விற்பனை முகவர்களும் ஊடகங்களில் தொடர்ந்து பேசினார்கள். விலகல்தான் இல்லை. வங்கி நெருக்கடியை ஆராய்ந்து 2011இல் வெளியான நைபெர்க் அறிக்கை, எல்லாரும் ஒரே மாதிரி சிந்தித்து ஒரே திசையில் ஓடிய மந்தைப் போக்கைச் சுட்டிக்காட்டியது. வீடு, நில விளம்பர வருவாயை நம்பியிருந்த ஊடகங்கள் அந்த வீக்கத்துக்குத் துணைபோயின என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜூலியன் மெர்சில் தன் ஆய்வில் வாதிட்டார். விதிவிலக்கும் இருந்தது. வீட்டு விலைகள் சரியக்கூடும் என்று எச்சரிக்கும் ஆவணப்படத்தை 2007 ஏப்ரலில் ஆர்.டி.இ. தொலைக்காட்சியில் வழங்கியவர் ரிச்சர்ட் கரன். அப்போது அதற்குக் கண்டனங்கள் எழுந்தன. 2013க்குள் வீட்டு விலை உச்சத்திலிருந்து ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 50 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே வாழும் நாட்டில் வங்கித் தலைவரும் கட்டட முதலாளியும் செய்தியாளரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பார்கள். சிறிய நாட்டில் விலகலைக் காப்பது பெரிய நாட்டைவிடக் கடினம்.

இந்த அளவுகோலில் தொழில்முனைவோர் தோற்றுப்போவார் என்று முடிவு கட்டுவது அவசரம். கடை நடத்தியவருக்கு ஓர் அறிவு உண்டு. அது செய்தியாளருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. மாத வாடகை என்ன, சம்பள நாளில் கையில் பணம் இருந்ததா, இரண்டாவது கிளை முதல் கிளையின் வாடிக்கையாளர்களைத் தின்றுவிட்டதா என்றெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியும். பட்ட அடியைப் பற்றிச் சகதொழிலாளி கேட்டால் விருந்தினரும் மனம் திறக்கிறார். ஆனால் பேச்சு ஊதியக் குறைப்புக்கோ, வரிச் சலுகைக்கோ திரும்பும்போது அதே தோழமை குறுக்கே நிற்கலாம். முதலாளிக்கு இயல்பாகத் தோன்றும் விஷயம் தொழிலாளிக்கு இயல்பாக இருக்காது. செய்தியாளருக்கு இடர் எதிர்த்திசையில் வருகிறது: விலகலைப் பழக்கமாக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவார், சிறுகடைக்காரரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கேட்கத் தவறுவார். எனவே எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்பது, எந்தப் பக்கம் அவர் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது.

விடுமுறை நாளில் துருவல் யாருக்கு வேண்டும், கடுமையாகக் கேட்டால் நேயர்கள் நிலையத்தை மாற்றிவிடுவார்கள், விருந்தினர்கள் எதிர் நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்ற ஆட்சேபம் உண்டு. போட்டி இருக்கும் இடத்தில் இது வெறும் சாக்கு அல்ல. அதே சில முதலாளிகளை இரண்டு நிகழ்ச்சிகளும் அழைக்கும்போது மென்மையாகக் கேட்பதே ஆதாயம் என்று தோன்றும். ஆனால் பிபிசி ரேடியோ 4இன் 'மணி பாக்ஸ்' 1977இல் தொடங்கி, வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் நேயர் சார்பில் கேள்வி கேட்டே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது. அதன் இடம் சனிக்கிழமை நண்பகல். தவிர, இரண்டாவது கேள்வி அதட்டலாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதே ரேடியோ 4இல் இவான் டேவிஸ் தன் 'தி பாட்டம் லைன்' நிகழ்ச்சியில் வெவ்வேறு தொழில்களின் தலைவர்களை ஒரே மேசையில் அமர்த்தி, அவர்கள் பொருளுக்கு எப்படி விலை வைக்கிறார்கள், ஆளை எப்படி எடுக்கிறார்கள் என்று சாதாரணக் குரலில் விசாரிக்கிறார். ஒருவர் மழுப்பினால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு முதலாளிக்கே அது புரிந்துவிடும். அந்த ஏற்பாடு, விருந்தினர்களைப் பகைத்துக்கொள்ளாமலேயே துருவும் வழி.

ஆகவே போட்டி தானாகவே தரத்தை உயர்த்தும் என்று நம்பியிருக்க முடியாது. எந்த விருந்தினரைப் பிடித்தோம் என்பதில் போட்டியிட்டால் இரண்டு நிகழ்ச்சிகளும் விளம்பரப் பலகைகளாகும். அந்த விருந்தினரிடமிருந்து எதை வெளிக்கொணர்ந்தோம் என்பதில் போட்டியிட்டால் இரண்டும் தேறும். எந்தப் போட்டி நடக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் கேட்பவருக்கும் பங்குண்டு. அவர் கையில் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பேட்டி முடிந்ததும், விருந்தினரின் நிறுவன இணையதளத்தில் கிடைக்காத ஒரு தகவலாவது கிடைத்ததா என்று அவர் தன்னையே கேட்டுப்பார்க்கலாம். கிடைத்திருந்தால், இரண்டாவது கேள்வி எங்கோ கேட்கப்பட்டிருக்கிறது. கிடைக்காவிட்டால், தொகுப்பாளர் செய்தியாளரா முதலாளியா, குரல் இனிமையா இல்லையா என்பதெல்லாம் பொருட்டில்லை. அந்தப் பேட்டி கட்டணமில்லாத விளம்பரம்தான்.