பொட்டுக் கட்டினால் சிறை

பெண்ணுக்குப் பொட்டுக் கட்டி, அதாவது அவளைக் கோயில் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டு, தேவதாசியாக்குவதைத் தடைசெய்த சென்னை மாகாணத்தின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது. அதற்கு முன்பும் சட்டம் இல்லாமல் இல்லை. 18 வயது நிறையாத பெண்ணைப் பாலியல் தொழிலுக்கென விற்பதும் வாங்குவதும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகளின்படி 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்களாக இருந்தன. ஆனால் அந்த நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டியிருந்தது. "சாமிக்குத்தானே பொட்டுக் கட்டினோம்" என்று வீட்டார் சாதித்தால் வழக்கு தள்ளாடும். 18 முடியும்வரை பொறுத்திருந்து கட்டினாலோ அந்தப் பிரிவுகள் கிட்டவே வராது.

இந்த ஓட்டையை அடைக்கப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட அவர், அதே ஆண்டு சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கச் சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். பிழைப்பும் கலையும் போய்விடும் என்று தேவதாசிகளின் சங்கங்களும் மனுப் போட்டன. அது வெறும் சாக்கு அல்ல. கோயில் ஊழியத்துக்குப் பெண் இருந்தால்தான் மானிய நிலம் குடும்பத்தில் நின்றது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 1929ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. தஞ்சம் தேடிவந்த பெண்களுக்காக 1930இல் முத்துலட்சுமி தொடங்கிய அவ்வை இல்லம் இன்றும் அடையாறில் இருக்கிறது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் மசோதாதான் மாகாணத்தில் ஓமந்தூரார் ஆட்சி வரும்வரை காத்துக் கிடந்தது.

புதிய சட்டத்தில் தண்டனை குறைவு: ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலம் வேறிடத்தில் இருந்தது. சடங்கே குற்றமானதால் நோக்கத்தைத் தோண்ட வேண்டியதில்லை. பெண் சம்மதித்தாள் என்ற வாதமும் எடுபடாது. ஏற்கெனவே பொட்டுக் கட்டப்பட்டவளும் முறைப்படி மணம் செய்துகொள்ளலாம் என்பதையும் சட்டம் உறுதிசெய்தது. சடங்குக்கு உட்பட்ட பெண்ணே 16 வயதைத் தாண்டியிருந்தால் அவளையும் குற்றவாளிகளோடு சேர்த்ததுதான் இதன் பெருங்குறை.

ஏற்கெனவே தேவதாசிகளாக இருந்தவர்களுக்குச் சட்டம் மாற்று வழி காட்டவில்லை. நடனக் கலைஞர்களான பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்பித்த மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கடைசித் தேவதாசி. முதுமையில் வறுமையே அவருக்கு மிஞ்சியது.

கர்நாடகம் 1982இல் தனிச் சட்டம் இயற்றியபோது சிறையை மூன்று ஆண்டு வரை உயர்த்தியது. சடங்கை நடத்துபவர் பெற்றோரோ காப்பாளரோ உறவினரோ என்றால் ஐந்து ஆண்டு வரை.