இறங்குவதா, இருக்கையிலேயே காத்திருப்பதா?

அவசரமாகத் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையில் நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். இனி என்ன, கதவுகளைத் திறந்து எல்லாரையும் உடனே வெளியேற்ற வேண்டியதுதானே என்றும் கேட்போம். ஆனால், தலைமை விமானி மிகக் கடினமான முடிவொன்றை எடுக்க வேண்டிய நேரமே அதுதான். உள்ளே இருப்பது ஆபத்தா, வெளியே போவது ஆபத்தா? இரண்டையும் அவர் சில விநாடிகளில் எடைபோட்டாக வேண்டும்.

சறுக்கில் இறங்குவது விளையாட்டல்ல

அவசரகாலச் சறுக்குகள் உயிர்காக்கும் சாதனங்கள். ஆனாலும், அவற்றில் இறங்கும்போது கால் சுளுக்குவதும் எலும்பு முறிவதும் உண்டு. முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள் ஆகியோருக்குச் சிரமம் இன்னும் அதிகம். கீழே எரிபொருள் கொட்டிக் கிடந்தாலோ, இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தாலோ, பயணிகளை நாமே ஆபத்தில் இறக்கிவிட்டது போலாகும்.

சாங்கியில் 2010

2010 நவம்பர் 4ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இயந்திரம் ஒன்று பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்துச் சிதறியது. சிப்பந்திகளையும் சேர்த்து விமானத்தில் 469 பேர் இருந்தனர். தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பிக்னி விமானத்தைச் சாங்கிக்குத் திருப்பிப் பத்திரமாக இறக்கினார்.

சிக்கல் அதோடு தீரவில்லை. இடப்பக்க இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகியது. சக்கரங்களின் பிரேக்குகள் பழுக்கக் காய்ந்திருந்தன. அதே பக்கத்தில் இருந்த மற்றோர் இயந்திரத்தை எவ்வளவு முயன்றும் நிறுத்த முடியவில்லை. ஆனால், தீ இல்லை. தீயணைப்பாளர்களோ பக்கத்திலேயே இருந்தனர். அதனால், உள்ளே இருப்பதே பாதுகாப்பு என்று விமானிகள் முடிவு செய்தனர்.

சிப்பந்திகள் கதவுகளருகே தயாராக நின்றனர். நிலைமை மோசமானால் உடனே சறுக்குகளைப் பயன்படுத்துவதே ஏற்பாடு. ஏறத்தாழ 50 நிமிடங்களுக்குப் பிறகு, வலப்பக்கத்தில் ஒரே ஒரு படிக்கட்டு வழியாகப் பயணிகள் இறங்கத் தொடங்கினர். எல்லாரும் இறங்கி முடிக்க மேலும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த இயந்திரம் அடங்கியதோ தரையிறங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகுதான். ஒருவருக்கும் காயமில்லை.

நெருப்பு தெரிந்தபோதும்

2016 ஜூன் 27ஆம் தேதி அதே சாங்கியில் இன்னொரு சோதனை. மிலான் நோக்கிச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777 விமானம், இயந்திரக் கோளாறு காரணமாக 241 பேருடன் திரும்பி வந்தது. தரையிறங்கியதும் வலது இறக்கையில் தீப்பற்றியது. சன்னல் வழியே நெருப்பைப் பார்த்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தீயணைப்பாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் வந்து, சில நிமிடங்களில் தீயை அணைத்தனர். பயணிகள் பின்னர் படிக்கட்டு வழியாகவே இறங்கினர். இங்கும் யாருக்கும் காயமில்லை. எனினும், வெளியேற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க விமானிகள் தீயணைப்புத் தளபதியின் தகவலையே நம்பியிருந்தனர், நிலைமையை அறிய உதவும் வேறு வழிகளைப் பயன்படுத்தவில்லை என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. நல்லபடியாக முடிந்தாலும், எடுத்த விதம் ஆராயப்பட வேண்டியதே.

தாமதம் கொன்ற நாள்

காத்திருப்பதே எப்போதும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 1980 ஆகஸ்ட் 19ஆம் தேதி, சவூதியா நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானம் சரக்குப் பகுதியில் ஏற்பட்ட தீயுடன் ரியாத்துக்குத் திரும்பிப் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால், அது உடனே நிற்காமல் ஓடுபாதையை விட்டு விலகிச் சென்றே நின்றது. நின்ற பிறகும் இயந்திரங்கள் சில நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியேற்றம் தொடங்கவே இல்லை. மீட்புப் படையினர் ஒருவழியாகக் கதவைத் திறந்தபோது, உள்ளே இருந்த 301 பேரும் இறந்திருந்தனர்.

தீயும் புகையும் உள்ளே வந்துவிட்டால் யோசிக்க நேரமில்லை என்பதே இதன் பாடம். பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று பெரிய பயணிகள் விமானங்கள் சோதித்துக் காட்டப்படுவதும் இதற்காகத்தான்.

பயணிகளின் பங்கு

2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோவின் ஹனேடாவில், ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது கடலோரக் காவற்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. காவற்படை விமானத்தில் ஐவர் மாண்டனர். பயணிகள் விமானத்திலோ ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்திருந்தது. எட்டுக் கதவுகளில் மூன்றே பயன்பட்டன. ஆயினும் 379 பேரும் உயிர்தப்பினர். எந்தக் கதவு பாதுகாப்பானது என்று சிப்பந்திகள் பார்த்து முடிவு செய்தனர். பயணிகள் அவர்கள் சொல் கேட்டு, பெட்டிகளை விட்டுவிட்டு வெளியேறினர்.

ஆக, அடுத்த முறை விமானம் ஏறும்போது, அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கச் சொன்னால் இருக்கையை விட்டு எழாதீர்கள். வெளியேறச் சொன்னால் கைப்பையைக்கூடத் தேடாதீர்கள். நாம் பெட்டியை எடுக்கும் அந்த ஐந்து விநாடி, நமக்குப் பின்னால் நிற்பவருடையது.