வெயில் அறுவடை - 6
மேகத்தைவிட நிழல் பொல்லாதது

மாடியில் சோலார் போட்டவர்கள் முதல் கோடையில் தவறாமல் கேட்கும் கேள்வி: “மார்ச்சில் வந்த யூனிட் மே மாதத்தில் வரவில்லையே, பேனலில் கோளாறா?” பெரும்பாலும் கோளாறு இல்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான். சூடு அதற்கு ஆகாது.

பேனலின் முதுகில் 540 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்தால், அது ஆய்வகக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1000 வாட்ஸ் ஒளி, செல்லின் வெப்பம் 25 டிகிரி என்று வைத்துச் சோதித்தது. நம்மூர் மாடியில் கத்திரி வெயில் மதியத்தில் செல் 65 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சூடு ஏற ஏறச் சிலிக்கான் செல்லின் வோல்டேஜ் இறங்கும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீத உற்பத்தி போகும். 40 டிகிரி கூடினால் 14 சதவீதம். 540 வாட்ஸ் பேனல் 464-க்கு வந்துவிடும். பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், அடியில் காற்று ஓட இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

மழைக்காலத்தில் கதை வேறு. கார்மேகம் கவிந்தால் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். ஆனாலும் அடியோடு நிற்காது; மேகத்தில் சிதறி வரும் ஒளியிலும் பேனல் வேலை செய்யும். பஞ்சு மேகங்கள் ஓடும் நாளில் ஒரு வேடிக்கையும் நடக்கும். சூரியன் மேகத்தின் விளிம்பை விட்டு வெளியே வரும்போது, நேர் வெயிலோடு மேகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்ந்துகொள்ள, இன்வெர்ட்டர் திரையில் எண் சில விநாடிகளுக்குச் சட்டென்று எகிறும்.

மேகம் எல்லா செல்லுக்கும் ஒரே அளவாகத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. நிழல் அப்படியில்லை. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைவரை தண்ணீர் குறைவதுபோல, ஒரு செல்லை நிழல் மூடினால் அந்த வரிசையின் மின்னோட்டமே சுருங்கும். இதைச் சமாளிக்கப் பேனலில் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் வைக்கிறார்கள். அடைபட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு மின்சாரம் சுற்றிப்போகும். ஒரு தென்னங்கீற்றின் நிழலுக்காகப் பேனலில் மூன்றிலொரு பங்கை இழக்க நேரலாம். காய்ந்து ஒட்டிய புறா எச்சமும் நிழல்தான். அதிகாலையில், கண்ணாடி சூடேறுமுன் கழுவிவிடுங்கள்.

இடம் பார்க்க ஆள் வரும் மாதமும் முக்கியம். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். “இங்கே நிழலே இல்லை சார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும், ஆறடி உயரத் தொட்டி நண்பகலிலேயே வடக்கு நோக்கி நாலரை அடி நிழலை நீட்டும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் அது இன்னும் நீளம். எனவே பேனல் இருக்கும் இடத்துக்குத் தெற்கே தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுச் சுவர் எது இருந்தாலும், மார்கழி நிழலைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.

அடுத்த வாரம்: இன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது?

(அறுவடை தொடரும்)