அனுப்பிய ஃபைல்தான் வந்து சேர்ந்ததா?

ஆடியில் குருநாதசுவாமி கோயில் திருவிழா வந்துவிட்டால் அந்தியூரில் கால் வைக்க இடமிருக்காது. குதிரைச் சந்தை பார்க்க வந்தவரின் பைக் காணாமல் போனால், இன்றைக்கு முதலில் தேடுவது எதிர்க்கடைக் கேமராவைத்தான். கடைக்காரரும் கேமராவின் பதிவுக் கருவியான டிவிஆரிலிருந்து அந்தக் காட்சியை எடுத்து வாட்ஸாப்பில் தட்டிவிடுவார். படம் ஓடும், ஆளும் தெரிவார். ஆனால் வந்தது அதே ஃபைல் அல்ல. சாதாரண வீடியோவாக அனுப்பும்போது வாட்ஸாப் அதைச் சுருக்கிப் புதிதாக எழுதிவிடுகிறது.

நீதிமன்றத்தில் இது பெரிய விஷயம். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63வது பிரிவு, மின்னணுச் சான்றுடன் ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதன் படிவத்தில் ஃபைலின் ஹேஷ் மதிப்பை எழுத வேண்டும்.

ஹேஷ் என்பது ஃபைலில் உள்ள ஒவ்வொரு பிட்டையும் கணக்கில் எடுத்துப் பிழிந்தெடுத்த ஓர் எண். ஷா-256 முறையில் கணக்கிட்டால், ஃபைல் ஒரு பக்கக் கடிதமானாலும் மூன்று மணி நேர வீடியோவானாலும் 64 எழுத்துகளே வரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஃபைலின் பெயரை மட்டும் மாற்றினால் ஹேஷ் மாறாது. கணக்கில் வருவது உள்ளடக்கம்தான்.

நெட்வொர்க்கே சரிபார்க்காதா என்று கேட்கலாம். சரிபார்க்கிறது, ஆனால் மேலோட்டமாக. இணையத்தில் தரவைச் சிறு பொட்டலங்களாகச் சுமக்கும் டிசிபி நெறிமுறை, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 16 பிட் கூட்டுத்தொகை ஒன்றைப் போடுகிறது. விற்பனைக்கூடத்தில் பருத்தி மூட்டைகளை மொத்தமாக எடை போடுவது போன்றது அது: இரண்டு மூட்டை இடம் மாறியிருந்தால் தராசு சொல்லாது. ஜோனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 1,100 முதல் 32,000 பொட்டலங்களுக்கு ஒன்று வழியில் கெட்டு இந்தக் கூட்டுத்தொகையில் சிக்கியதைக் கண்டார்கள். கம்பியில் மட்டுமல்ல, கணினிகளிலும் ரவுட்டர்களிலும்கூடத் தரவு கெட்டது. சிக்காமல் நழுவுவதும் உண்டு என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான செய்தி. ஃபைலின் அளவு ஒன்றாக இருக்கிறது என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

சட்டப் படிவத்தில் ஷா-1, ஷா-256, எம்டி5 மூன்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஷா-256ஐயே தேர்ந்தெடுங்கள். ஒரே எம்டி5 மதிப்பு தரும் இரு வேறு ஃபைல்களை உருவாக்க முடியும் என்று சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழு 2004இல் காட்டிவிட்டது. ஷா-1க்கு அதே கதி 2017இல் நேர்ந்தது. கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் சேர்ந்து ஒரே ஷா-1 மதிப்புள்ள இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. தற்செயலாகக் கெட்ட ஃபைலை இவை இன்றும் கண்டுபிடிக்கும். வேண்டுமென்றே மாற்றுபவரிடம் தோற்றுப்போகும்.

செய்வது கடினமல்ல. டிவிஆரிலிருந்து நேராகப் பென்டிரைவில் எடுத்த உடனே ஹேஷ் கணக்கிட்டு எழுதி வையுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. செவன்-ஜிப் போட்டிருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தாலே போதும். வாட்ஸாப்பில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். அப்போது அது சுருக்கப்படுவதில்லை. பெற்றவர் தன் பக்கம் ஹேஷ் எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த 64 எழுத்தை ஃபைலோடு சேர்த்தே அனுப்புவது வீண், நடுவில் ஃபைலை மாற்றுபவர் ஹேஷையும் மாற்றிவிடுவார். போனில் வாசித்துச் சொல்லலாம், கையெழுத்திட்ட தாளில் தரலாம்.

ஹேஷ் எடுப்பதற்கு முன் அந்த வீடியோவில் யாராவது கை வைத்தார்களா என்பதை இந்த எண் சொல்லாது. அதனால்தான் படிவத்தின் முதல் பகுதியில் பதிவு எந்தச் சாதனத்திலிருந்து வந்தது, அது யார் பொறுப்பில் இருந்தது, ஒழுங்காக இயங்கியதா என்றெல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திடுவார். ஹேஷ் அறிக்கையை இதோடு இணைக்க வேண்டும்.